எலும்பு சப்பிய பசு

எங்கள் பசு எலும்பு சப்புவதை நான் முதன்முதலாகக் கண்டது ஒரு பங்குனி மாத முற்பகலில். வீட்டு வளவுக்குப் பின்னால் இருந்த தரவையில் அப்போது புல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாரியில் தண்ணீர் நிற்கும் அந்த வெட்டைவெளி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஊர் மாடுகள் எல்லாம் மண்ணை முகர்ந்துகொண்டு திரிந்தன. தண்ணீர் காட்டுவதற்காகப் பசுவை அவிழ்க்கப் போனேன். அது தலையை ஒரு பக்கம் சரித்து, கண்ணைப் பாதி மூடி, எதையோ கடைவாயில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தது. பனங்கொட்டையாக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, அது செத்த மாடொன்றின் கால் எலும்பு. நுனியில் தோலும் நரம்பும் காய்ந்து ஒட்டியிருந்தன.

எனக்கு வந்தது பயம் அல்ல, வெட்கம். நான் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, மச்சம் மாமிசம் சமைத்த சட்டி படலைக்குள் வந்ததில்லை. என் பசு இப்படிப் பட்டப்பகலில் எலும்பு கடித்துக்கொண்டு நிற்கிறது. வாய்க்குள் கையை விட்டு இழுத்தேன். அது விடவில்லை. நான் இழுக்க, அது இழுக்க, கடைசியில் நான்தான் வென்றேன். எலும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டுபோய் ஈச்சம் பற்றைக்குள் எறிந்துவிட்டு வந்து, பசுவின் வாயை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிறகு நான் தலையில் வார்த்துக் குளித்தேன்.

அது கோயிலுக்குப் பால் கொடுக்கிற பசு. அந்தப் பால் எனக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது.

நான் உரும்பிராய்க்காரி. வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றில் கலியாணம் முடித்தேன். மாப்பிள்ளை மலாயாவில் கிளாக்கர். தாலி கட்டி மூன்றாம் மாதம் கப்பலேறியவர், வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். ஆறு வருடமாக அவர் வீடு பார்த்துக்கொண்டே இருந்தார். மாமியார் கண்ணை மூடிய பிறகு நாலு அறை வீட்டில் நான் ஒருத்தி. ஊரோடு ஒட்டியிருந்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இராது. வந்த முதல் வருடத்திலேயே வேலி எல்லைத் தகராறில் ஒரு பெரிய மனுசியை நாலு பேருக்கு முன்னால் நறுக்கென்று கேட்டுவிட்டேன். கேட்டது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஊரில் எனக்குப் பெயர் வெளியூர்க்காரி என்றாயிற்று. கலியாண வீட்டுக்குச் சொல்வார்கள், போனால் பாயைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கதைப்பார்கள்.

பசு நன்றாகக் கறந்த வருடம், பிள்ளையார் கோயில் ஐயர் காலைப் பூசை அபிஷேகத்துக்குப் பால் தர முடியுமா என்று கேட்டனுப்பினார். அன்றிலிருந்து என் சீவியம் மாறியது. விடிய எழும்பி, குளித்து, கறந்து, செம்பைத் துணியால் மூடிக் கொண்டுபோவேன். ஐயர் "வாங்கோ பிள்ளை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போவார். பூசை முடியும்வரை அங்கே நிற்கிற பெண்கள் என்னிடம் மூன்று கேள்வி கேட்பார்கள். நான் ஒன்பது பதில் சொல்வேன். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம் இருக்கும். அந்த அரைமணியை வைத்துக்கொண்டுதான் நான் மிச்ச நாளை ஓட்டினேன். வெளியூர்க்காரி என்ற பெயர் மெல்ல மெல்லப் போய், காலமைப் பால் குடுக்கிறவ என்று சொல்லத் தொடங்கினார்கள். எலும்புக் கதை வெளியே வந்தால் அந்தச் செம்பை யார் தொடுவார்கள்?

ஆகவே மறைத்தேன். நாள் முழுக்கப் பசுவோடு தரவையில் நின்றேன். தும்புக் கயிற்றில் வாய்க்கூடை பின்னிக் கட்டிப் பார்த்தேன். பசு அதை மரத்தில் தேய்த்துக் கழற்றிவிட்டு மறுபடியும் எலும்பைத் தேடிப் போனது. வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். காய்ந்த எலும்பைக் கண்டால் கயிற்றை அறுக்கும். இரண்டு வயது நாகு ஒன்றும் நின்றது, இதே பசுவின் கன்று. அதுவும் தாயைப் பார்த்துச் சப்பத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிப்போய்க் குளித்தேன். ஒரு நாளில் மூன்று தரம் குளித்ததும் உண்டு. தோய்த்த சேலைகள் கொடியில் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வளவுக்காரி கேட்டாள்.

"என்னக்கா, நாள் முழுக்கக் குளிக்கிறியள்?"

"வெயில் தாங்கேலாமல் கிடக்கு" என்றேன்.

அவள் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். புருசனுக்குப் புகையிலைத் தோட்டம், மூன்று பிள்ளைகள். ஊரில் என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் குனிந்து வந்து உப்புக் கேட்பாள், நெருப்புக் கேட்பாள், சில நாள் ஒன்றும் கேட்காமல் குந்தியிருந்து கதைத்துவிட்டுப் போவாள். அவள் வீட்டிலும் ஒரு பசு. மாலைப் பூசைக்கு அவள் வீட்டுப் பால். இரண்டு பேருடைய மாடும் ஒரே தரவையில்தான் நின்றன.

சித்திரை பிறந்து சில நாளில், காலையில் கறக்கப் போனபோது பசுவின் பின்னங்கால்கள் கள்ளுக் குடித்தவன் கால்போலத் தள்ளாடின. மத்தியானத்துக்குள் படுத்துவிட்டது. பச்சைப் பூவரசங் குழை ஒடித்து வைத்தேன். ஆசையாக வாய்க்குள் எடுத்தது. ஆனால் விழுங்க முடியவில்லை, மென்றது எல்லாம் எச்சிலோடு வெளியே வழிந்தது. தண்ணீர் பருக்கினேன், மூக்கால் திரும்பி வந்தது. முகத்தைத் துடைக்கும்போது நாக்கு என் கையோடு வெளியே வந்தது. வந்த நாக்கு உள்ளே போகவில்லை. நான் அதைப் பிடித்து உள்ளே தள்ளி வாயை மூடிவிட்டேன். கையை எடுத்தவுடன் மறுபடி பக்கவாட்டில் தொங்கியது. காய்ச்சல் இல்லை. கண்ணில் ஒரு மாசு இல்லை. தெளிவான கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

மாட்டுப் பரிகாரியாரைக் கூட்டிவரப் பக்கத்து வளவுக்காரிதான் ஆள் அனுப்பினாள். அவர் வந்து காதைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாக்கை இழுத்து விட்டுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை தின்னக் குடுத்தனீர்?"

"வைக்கோலும் தவிடும் பனையோலையும்தான்."

"தரவையிலை கண்டது கடியதைக் கடிச்சதோ?"

"நான் பக்கத்திலையே நிக்கிறனான். ஒண்டும் கடிக்கேல்லை."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். நஞ்சு என்று சந்தேகப்பட்டதாகவும், தீனியில் பிழையில்லை என்றால் இது வாதம்தான் என்றும் சொன்னார். வாதத்துக்குக் குறி சுடவேணும். விறகடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினார். நான் பசுவின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். இடுப்பில் இரண்டு பக்கமும் சுட்டார். தோல் கருகிய மணம் வந்தது. அது கத்தவில்லை. கத்துவதற்கு அதன் தொண்டை வேலை செய்யவில்லை. என் மடி மட்டும் நனைந்தது. பரிகாரியார் பிழை ஒன்றும் செய்யவில்லை, நான் சொன்ன பொய்க்குத் தகுந்த மருந்தைச் செய்தார். அந்தச் சூட்டை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் வெறுப்பு வரும்.

பக்கத்து வளவுக்காரி மூன்று பகலும் என்னோடு கொட்டிலில் இருந்தாள். மாட்டால் வாலை அசைக்க முடியவில்லை. அவள் வேப்பங் குழையால் ஈயை விரட்டினாள். எனக்குக் கஞ்சி கொண்டுவந்து குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் போன பிறகு என்னை ஒருவர் இருந்து சாப்பிடவைத்தது அப்போதுதான். இரண்டாம் நாள், ஈயை விரட்டிக்கொண்டே என் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

"அக்கா, உண்மையிலை இது ஒண்டும் தின்னேல்லையோ?"

"இல்லை எண்டுறன், பிறகேன் கேக்கிறீர்?"

அவள் மறுபடியும் வேப்பங் குழையை வீசத் தொடங்கினாள். அந்தக் கேள்வியில் ஒரு பயம் இருந்தது. எனக்கு என் பயமே பெரிதாக இருந்ததால் அவளுடைய பயம் கண்ணில் படவில்லை.

நாலாம் நாள் பசு செத்தது. வழக்கப்படி தரவை ஓரத்துக்கு இழுத்துப் போட வந்தார்கள். நான் விடவில்லை. வளவு மூலையில் ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைக்கச் சொன்னேன். ஊர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டது. அடுத்த நாள் காலை வெறுங்கையோடு கோயிலுக்குப் போனபோது பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் தோளைத் தொட்டாள். அந்தத் தொடுகை எனக்கு இனித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். நாகு சினையாக இருக்கிறது, ஆவணியில் கன்று போடும், பிறகு பால் கொண்டுவருவேன் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

பத்து நாள் போயிருக்கும். பொட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கூப்பிட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. குனிந்து போனேன். அவளுடைய பசு கால் மடங்கிக் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. அவள் அதைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள், நான் செய்தது போலவே. நான் சாணகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

"நான் பொய் சொன்னனான்" என்றேன். "என்ரை மாடு எலும்பு சப்பினது. பங்குனி முழுக்கச் சப்பினது. உமக்கு அண்டைக்கே சொல்லியிருந்தால் நீர் இதைத் தரவைக்கு விட்டிருக்கமாட்டீர்."

அவள் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழத் தொடங்கினாள்.

"என்ரையும் சப்பினது அக்கா. மாசியிலை இருந்து."

"மாசியிலை இருந்தோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் காலமைப் பால் குடுக்கிறவ. தெரிஞ்சால் என்ரை வீட்டிலை தண்ணியும் குடிக்கமாட்டியள் எண்டு நினைச்சன்."

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஒளித்தாள், இந்தப் பக்கம் நான் ஒளித்தேன். தானும் என்னைப்போல ஒளித்து ஒளித்துத் தலையில் வார்த்ததாகச் சொன்னாள். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். "அழாதை தங்கச்சி" என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். செத்துக்கொண்டிருக்கிற ஒரு மாட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இல்லாத ஒரு நிம்மதியை நான் உணர்ந்தேன்.

கோயிலுக்குப் பால் கொடுத்த இரண்டு மாடும் விழுந்ததாலும், ஊரில் வேறும் இரண்டு மாடு தள்ளாடியதாலும், கோயில் மனேச்சர் யாழ்ப்பாணத்துக்கு ஆளனுப்பி மாட்டு டொக்டரை அழைப்பித்தார். அவர் தமிழர்தான், காற்சட்டை போட்ட இளந்தாரி. அவளுடைய பசுவைப் பார்த்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, தனியாகத் தரவைப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பத்திரிகைத் தாள் சுற்று. கோயில் வீதியில் வேப்பமரத்துக்குக் கீழே மாடு வைத்திருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு அதை விரித்தார். பல்லுப்பட்டுத் தேய்ந்த எலும்பு.

"உங்கடை மாடுகள் இதைச் சப்பியிருக்குது" என்றார்.

மனேச்சருக்கு முகம் சிவந்தது. "டொக்டர், இது சைவ ஊர். எங்கடை மாடுகள் இதைத் தொடாது."

"மாட்டுக்குச் சைவமும் தெரியாது, வேதமும் தெரியாது ஐயா. புல்லிலை ஒரு சத்துக் குறைஞ்சால் அது எலும்பைத் தேடும். செத்த மிருகத்திலை ஒரு நஞ்சு ஊறும். எலும்பிலை கொஞ்சம் ஒட்டியிருந்தாலே போதும், மாடு விழும். மாட்டிலை பிழையில்லை, பாலிலையும் பிழையில்லை. எத்தினை மாடு சப்புது எண்டு எனக்குத் தெரியவேணும். கண்ட ஆக்கள் சொல்லுங்கோ."

அவர் மருந்தையும் சொன்னார். எலும்பை நன்றாகச் சுட்டு, நஞ்சு போக்கி, இடித்த மா இருக்கிறது, உப்போடு தவிட்டில் கலந்து தினம் ஒரு கரண்டி கொடுத்தால் மாடு எலும்பைத் தேடாது என்றார். எலும்பு மா என்றவுடன் இரண்டொருவர் காதைப் பொத்தாத குறை. "எங்கடை மாடு அப்பிடியில்லை" என்று ஒருவர் சொன்னார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர் எலும்பை மறுபடி தாளில் சுற்றத் தொடங்கினார்.

அவர் போனால் நாகுவும் விழும். ஊர் மாடெல்லாம் விழும். நான் எழும்பினேன்.

"என்ரை மாடு சப்பினது. நான் கண்டனான். பரிகாரியாருக்கும் பொய் சொன்னனான். இப்ப நிக்கிற நாகும் சப்புது. எனக்கு அந்த மாவை அனுப்புங்கோ."

மனேச்சர் மெல்லத் திரும்பினார். "அப்ப, தெரிஞ்சுகொண்டே பிள்ளையாருக்கு வார்க்கப் பால் தந்தனீர்?"

"ஓம்" என்றேன்.

என் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒரு அடி விலகினார்கள். அவர் என் பக்கத்து வளவுக்காரியைப் பார்த்தார். "உன்ரை மாடு எப்பிடி? நீயும் கண்டனியோ?"

நான் அவள் பக்கம் திரும்பவில்லை, அவளை நெருக்கக்கூடாது என்று. அவள் தன் சின்ன மகளின் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். கோதிக்கொண்டே சொன்னாள், "நான் காணேல்லை."

என் வாயைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது துடித்தது. ஒரு சொல் போதும், அவளை அந்த இடத்திலேயே கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏன் என்று இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அந்த ஊரில் மூன்று பிள்ளைகள், மாமன் மாமி, நாளைக்கு நடக்கவேண்டிய கலியாணங்கள். எனக்கு இழப்பதற்கு அரைமணி நேரம்தான் இருந்தது. கூட்டம் கலைந்தபோது அவள் மற்றப் பெண்களோடு சேர்ந்து எனக்கு முன்னால் நடந்து போனாள்.

அடுத்த நாள் கோயிலில் பிராயச்சித்தம் செய்தார்கள். பால் அயலூரிலிருந்து வந்ததாம். அந்த வாரமே அவள் புருசன் வேலிப் பொட்டைத் தென்னங்கிடுகு வைத்து அடைத்துவிட்டான். ஆவணியில் நாகு கன்று போட்டது. சீம்பால் நாள் கழிந்த பிறகு, நானும் நப்பாசையில் செம்பை மூடிக்கொண்டு போனேன். ஐயர் நல்ல மனுசன். முகத்தைப் பாராமல், "மனேச்சரைக் கேட்டுச் சொல்லுறன் பிள்ளை" என்றார். அவர் சொல்லவேயில்லை. கொண்டுபோன பாலை வீட்டுக்குக் கொண்டுவந்து, காய்ச்சி, தனியே இருந்து குடித்தேன். மலாயாவுக்கு இதையெல்லாம் நாலு பக்கம் எழுதினேன். மாட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று ஒரு வரியில் மறுமொழி வந்தது.

டொக்டர் சொன்னபடி ஒரு சாக்கு எலும்பு மா வண்டிலில் வந்திறங்கியது. ஊரில் அது வந்த ஒரே வீடு என் வீடு. முதல்நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கலந்தேன். நாகு வாளியையும் சேர்த்து நக்கியது. ஒரு மாதத்தில் அது எலும்பைத் திரும்பிப் பார்ப்பதை விட்டது. தோல் மினுங்கியது. தரவையால் போனவர்கள் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம் மாரி முடிந்து புல் காயத் தொடங்கியபோது, முதலில் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மனேச்சர் வீட்டு அம்மா. மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒழுங்கையில் ஆள் நடமாட்டமில்லாத நேரம் பார்த்து வந்து, உள்ளே வராமல் மாமரத்தடியில் நின்றுகொண்டு கேட்டா.

"கத்தரிக்குப் போட நல்ல உரமாம் அந்த மா. கொஞ்சம் தருவீரோ பிள்ளை?"

"தாறன்" என்றேன். "கத்தரிக்கு நாளைக்கு ஒரு கரண்டி, உப்புப் போட்டு, தவிட்டிலை குழைச்சுக் குடுங்கோ. கத்தரி விருப்பமாத் தின்னும்."

அவ கோபிக்கவில்லை, பொட்டலத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டா. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். தோளைத் தொட்டவள் வந்தாள். எல்லோருக்கும் கத்தரிதான். ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. என் வீட்டுப் படலை அவ்வளவு தரம் திறந்ததும் இல்லை, நான் அவ்வளவு தனியாக இருந்ததும் இல்லை. சாக்கு முடிய டொக்டருக்கு எழுதி இன்னொரு சாக்கு எடுப்பித்தேன். ஊரில் அந்தக் கோடையில் ஒரு மாடும் விழவில்லை.

கடைசியாக அவள் வந்தாள். பொட்டு இல்லாதபடியால் ஒழுங்கையால் சுற்றி வரவேண்டியிருந்தது. தாய்வீட்டில் அவளுக்குப் புதுப் பசு ஒன்று கொடுத்திருந்தார்கள். காலைப் பூசைக்கு இப்போது அவள் வீட்டுப் பால் என்று எனக்குத் தெரியும். அவள் கத்தரி என்று சொல்லவில்லை. ஒரு தகரப் பேணியை நீட்டிக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். ஏசவேணும் என்று எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். பேணியை வாங்கி நிறைய அள்ளிப் போட்டு, வாழையிலையால் மூடிக் கொடுத்தேன்.

"இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றேன்.

"இல்லை அக்கா. ஆரும் கண்டால்..."

சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். பேணி சேலைக்குள் போய்விட்டது, ஆனால் வெளியே போகப் பயந்து படலைக்கு உள்ளேயே நின்றாள். நான் படலையைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கி, மேற்குப் பக்கமும் பார்த்தேன், கிழக்குப் பக்கமும் பார்த்தேன்.

"ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி, கெதியாப் போ" என்றேன்.